கல்கரியில் ஒரு வெளிச்சுவர் எத்தனை வருடம் தாங்கும்?

ஒன்ராறியோவில் வீட்டு விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போன பிறகு, கல்கரிக்கு வீடு பார்க்க வரும் எங்கள் சனம் கூடிவிட்டது. வருகிறவர்களுடன் துணைக்கு நானும் போவதுண்டு. குசினியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். பேஸ்மென்டில் தனி வாசல் இருக்கிறதா என்று கேட்பார்கள். சாமியறைக்கு எந்த மூலை என்று அங்கேயே முடிவாகிவிடும். வீட்டை வெளியே ஒரு தரம் சுற்றி நடந்து, சுவரைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

காரணம் விளங்குகிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நாலு பக்கமும் செங்கல் வைத்த வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு வெளிச்சுவர் ஒரு கவலையே இல்லை. அது தன்பாட்டில் நிற்கும். இங்கே முன்பக்கம் கொஞ்சம் கல் ஒட்டி அழகு காட்டியிருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் பெரும்பாலும் வினைல் சைடிங். வீட்டின் மரச்சட்டத்துக்கும் அல்பேர்ட்டா வானத்துக்கும் நடுவே நிற்பது ஒரு மில்லிமீற்றர் சொச்சம் தடிப்புள்ள பிளாஸ்டிக். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் பொருளின் தோல் அது. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

"எத்தனை வருடம் தாங்கும்?" என்று கேட்டால் விற்பவர்கள் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். வினைல் 20 முதல் 40, அலுமினியம் 30 முதல் 50, ஃபைபர் சிமென்ட் 50, ஸ்டக்கோ 50க்கு மேல், செங்கல் 100. இந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் எந்த ஊரில் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எமன் உண்டு. வன்கூவரில் அந்த எமன் மழை. ஹலிஃபக்ஸில் உப்புக்காற்று. கல்கரியில் யார் என்று தெரிந்துகொண்டால்தான் அந்த வருடக் கணக்குக்கு ஏதாவது அர்த்தம் வரும்.

கல்கரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. கனடாவின் பெரிய நகரங்களில் அதிக வெயில் படுவது இங்கேதான். வருடத்தில் 330 நாளுக்கு மேல் ஏதோ ஒரு நேரம் சூரியன் தெரியும். குளிர்காலத்தில் நாங்கள் இதைப் பெரிய வரமாகச் சொல்லிக்கொள்வோம், உண்மையும்தான். சுவரைக் கேட்டால் வேறு கதை சொல்லும். உயரத்தில் குறைவாக வடிகட்டப்பட்டு இறங்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கிறது. தெற்கு, மேற்குச் சுவர்கள் வெளிறுவதும், மேற்பரப்பு வறண்டு போவதும் அதனால்தான்.

இரண்டாவது, வெப்பநிலை போடும் ஆட்டம். சனவரியில் சைபருக்குக் கீழே 30 பாகை. யூலையில் மேலே 30. அது போதாதென்று சினூக் காற்று. மலையைத் தாண்டி இறங்கும் இந்தக் காற்று நடுக் குளிர்காலத்தில் சில மணிநேரத்துக்குள் பனியை உருக்கிவிடும். கல்கரிக்குத் தெற்கே பின்ச்சர் கிறீக் என்ற ஊரில் 1962 சனவரியில் ஒரே மணிநேரத்தில் சைபருக்குக் கீழே 19 பாகையிலிருந்து மேலே 22க்கு ஏறியதாகப் பதிவு இருக்கிறது. ஒவ்வொரு சினூக்குக்கும் சுவர் ஒரு தரம் உருகி மறுபடி உறைகிறது. ஒரு வெடிப்புக்குள் தண்ணீர் இருந்தால், அது பனிக்கட்டியாகும்போது பருமனில் 9 சதவீதம் பெருத்து வெடிப்பை அகட்டும். ரொறன்ரோவில் மழை கூட. ஆனால் நடுக் குளிர்காலத்தில் இப்படி அடிக்கடி உருகி உறைவது இங்கேதான்.

மூன்றாவதுதான் உண்மையான எமன். ஆலங்கட்டி.

2020 யூன் 13ஆம் திகதி மாலை நகரத்தின் வடகிழக்கில் கோல்ஃப் பந்து, டென்னிஸ் பந்து அளவில் கட்டிகள் விழுந்தன. சாடில் ரிட்ஜ், டாரடேல், மார்ட்டின்டேல் பக்கம் எங்கள் தென்னாசியச் சனம் நெருக்கமாக வாழும் இடங்கள். காப்புறுதிக்கு வந்த இழப்பே 120 கோடி டொலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி அது மறுபடி வந்தது. இந்தத் தரம் முதல் மதிப்பீடே 280 கோடி. விமான நிலையக் கட்டடம்கூடத் தப்பவில்லை. கல்கரியிலிருந்து ரெட் டியர் வரையான நிலத்தை இங்குள்ளவர்கள் ஆலங்கட்டிப் பாதை என்றே சொல்வார்கள். கனடாவில் இதுவரை பதிவான மிகப் பெரிய ஆலங்கட்டி, 292.71 கிராம், 2022 ஓகஸ்டில் ரெட் டியருக்குப் பக்கத்தில் மார்க்கர்வில்லில்தான் விழுந்தது. 1996 முதல் காப்புறுதி நிறுவனங்கள் சொந்தக் காசில் விமானம் அனுப்பி மேகத்தில் வெள்ளி அயடைட் தூவுகின்றன, கட்டிகள் சிறிதாக விழட்டும் என்று. காசைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களே இவ்வளவு செய்கிறார்கள் என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

ஆலங்கட்டி கூரையை மட்டும்தானே அடிக்கும் என்று நினைப்போம். புயலோடு வரும்போது அது சரிவாக வருகிறது. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கச் சுவர் முழுதாக வாங்கும். 2024 புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்தபோது ஒரே வீட்டின் ஒரு சுவர் துவாரமும் கிழிசலுமாகவும், அடுத்த சுவர் நேற்றுப் போட்டதுபோலவும் இருந்தன. துவாரங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். புதிய வீடுகளில் வினைல் உள்ளே மடிந்து, ஓரத்தில் வெள்ளைக் கீறலோடு நின்றது. பழைய வீடுகளில் அரைவட்டத் துண்டுகளாக உடைந்து புல்லில் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் மடித்தேன், சடக்கென்று முறிந்தது. பதினைந்து, இருபது வருட வெயில் அதன் நெகிழ்வைக் குடித்துவிட்டிருந்தது. வெயில் சுவரைத் தயார் செய்து வைக்கிறது, ஆலங்கட்டி வந்து முடிக்கிறது. ஆகவே வினைலுக்கு 40 வருடம் என்ற கணக்கை இந்த ஊரில் நான் நம்பமாட்டேன். நல்ல தடிப்பில், நிழல் பக்கத்தில் அது 40ஐத் தொடலாம். மேற்குச் சுவரில் அடுத்த பெரிய புயல் வரும் நாள்வரைதான்.

இதற்காக வினைல் கூடாத பொருள் என்று சொல்ல வரவில்லை. வண்ணம் பூச வேண்டாம், பூஞ்சை அரிக்காது, மலிவு. தண்ணீர் பின்னால் போனாலும் அடியிலுள்ள சிறு துவாரங்களால் வடிந்துவிடும். அந்த விதத்தில் மிக நல்ல குணம் அதற்கு உண்டு. கெடுப்பது பெரும்பாலும் ஆணி அடிக்கிற விதம். பன்னிரண்டரை அடி நீளப் பலகை ஒன்று குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். அதனால்தான் ஆணித் துவாரம் வட்டமாக இல்லாமல் நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது. ஆணியைத் துவாரத்தின் நடுவில் அடிக்க வேண்டும். தலை பலகையை நெரிக்காமல், ஒரு டைம் நாணயத்தின் தடிப்பு அளவு இடைவெளி விட வேண்டும். பலகை சுவரில் அறையப்படுவதில்லை, தொங்கவிடப்படுகிறது. அவசரத்தில் இறுக்கி அடித்த சுவர் முதல் கோடையிலேயே அலையலையாக வளையும். குளிரில் சுருங்க இடமில்லாமல் ஆணியடியில் கிழியும்.

இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்யும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு சோதனை காட்டித் தந்தார். "அண்ணை, உள்ளங்கையை வைச்சு இடமும் வலமும் தள்ளிப் பாருங்கோ. அசைஞ்சா நல்லா அடிச்சிருக்கிறாங்கள். அசையாட்டி விலையைக் குறைச்சுக் கேளுங்கோ." வீடு பார்க்கப் போகும்போது நான் இப்போது இதைத் தவறாமல் செய்கிறேன். சுவரின் நாலு இடத்தில், கொஞ்சம் உயரமான இடத்திலும். ஒரு நிமிட வேலை.

இன்னொன்றையும் பாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரெதிரே உங்கள் சுவரில் ஒரு திட்டு மட்டும் மெழுகுபோல் சரிந்திருந்தால், அது ஜன்னலின் வேலை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடிகள் குளிரில் சற்று உட்குழிந்து, வெயிலை ஒரே இடத்தில் குவித்துவிடும். வினைல் 70 பாகையைத் தாண்டினாலே தளரத் தொடங்கும். புதிய குடியிருப்புகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கும் இடுக்கில் இது அடிக்கடி நடக்கிறது. பார்பிக்யூ அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் இதே கதிதான்.

இடுக்கு என்றதும் நெருப்பும் ஞாபகத்துக்கு வருகிறது. 2007 யூலையில் எட்மன்டனில் மக்கியூவன் பகுதியில் பிடித்த தீ ஒரு கட்டடத்திலிருந்து அடுத்தடுத்த வீடுகளுக்குத் தாவியது. அதற்குப் பிறகுதான் நெருக்கமாகக் கட்டும் வீடுகளில் தீப்பரவல் பற்றிய விதிகளை அல்பேர்ட்டா இறுக்கியது. அதற்கு முந்திய வீடு, பக்கத்து வீடு கைநீட்டினால் எட்டும் தூரம், இரண்டு பக்கமும் வினைல் என்றால், அந்தச் சுவரை மாற்றும் நாளில் எரியாத பொருளுக்குப் போவது நல்லது.

இந்த நகரத்துக்கு நெருப்பு புதிதல்ல. 1886 நவம்பரில் மரக்கட்டடங்கள் எரிந்து போனபின், முக்கியமான கட்டடங்களைப் பக்கத்து மண்ணிலிருந்தே வெட்டிய மணற்கல்லில் கட்டத் தொடங்கினார்கள். மணற்கல் நகரம் என்று பெயரும் எடுத்தது. 1911இல் கட்டி முடித்த பழைய நகர மண்டபம் இன்றும் நடுநகரில் நிற்கிறது. ஆனால் அந்தக் கல்லும் உறைந்து உருகி, ஆலங்கட்டியில் அடிபட்டு, பொரிந்து உதிரத் தொடங்கியது. 2016 முதல் 2020 வரை மண்டபத்தை மூடிப் போர்த்திக் கல் கல்லாகத் திருத்தினார்கள். கல்லே நூறு வருடத்தில் வைத்தியம் கேட்கும் ஊர் இது.

சரி, மாற்றுவதென்றால் என்ன போடலாம்? என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இரண்டு பொருளைச் சொல்கிறேன்: ஃபைபர் சிமென்ட், எஞ்சினியர்ட் வுட்.

ஃபைபர் சிமென்டை எல்லோரும் ஹார்டி போர்ட் என்றே சொல்கிறார்கள். சிமென்ட், மணல், மரநார். ஒரு காலத்தில் மரநாருக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் இருந்தது. 1980க்கு முந்திய வீட்டில் கடினமான, ஓடுபோன்ற தட்டுகள் பதித்திருந்தால் பரிசோதிக்காமல் உடைக்கவே வேண்டாம். இன்றைய பலகை எரியாது, வெயிலில் இளகாது, உறைபனி ஊர்களுக்கென்றே தனியாகவும் செய்கிறார்கள். சாதாரண ஆலங்கட்டிக்கு அசையாது. அதன் பலவீனம் வெட்டிய ஓரம். தொழிற்சாலையில் பூசிய வண்ணம் முகத்தைக் காக்கும். ஜன்னலுக்கு அளவாக வாளால் வெட்டிய இடத்தில் பொருள் நிர்வாணமாக நிற்கும். அந்த ஓரத்துக்கு அங்கேயே வண்ணம் தடவாவிட்டால் தண்ணீரைக் குடிக்கும், குடித்தது உறையும், சில வருடத்தில் ஓரம் ஏடு ஏடாகப் பிரியும். நிலத்திலிருந்து ஆறு அங்குலம் உயர்த்திப் போட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். பனி குவிந்து கிடக்கும் ஊரில் அந்த ஆறு அங்குலம் மிக முக்கியம். பின்னால் வரும் தோட்டக்காரர் மண்ணைக் கொட்டி அதை மூடிவிடுவார், அதையும் கவனியுங்கள். வெட்டும்போது பறக்கும் தூசில் சிலிக்கா உண்டு; பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

எஞ்சினியர்ட் வுட் என்பது மரச்சீவல்களைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. இதைச் சொன்னதும் வயதான கட்டடக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், அதற்கு நியாயமும் உண்டு. அமெரிக்காவில் எல்.பி. நிறுவனத்தின் பழைய பலகைகள் ஓரம் வீங்கி, சில வீடுகளில் காளானே முளைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாகப் போட்ட வழக்கு 1996இல் பெருந்தொகை இழப்பீட்டோடு முடிந்தது. அதற்குப் பிறகு செய்முறையையே மாற்றினார்கள். இப்போது சிங்க் போரேட் கலந்து, பிசினையும் மாற்றி வரும் பலகை வேறு பொருள். மரத்தின் நெகிழ்வு இருப்பதால் ஆலங்கட்டி பட்டால் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஒன்றேமுக்கால் அங்குலக் கட்டி வரைக்கும் வாரண்டி தருகிறார்கள். கல்கரியின் வறட்சி இதற்குச் சாதகம். வடகிழக்கில் புயலுக்குப் பிறகு மாற்றியவர்கள் பலர் இதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. காற்று மோதும் சுவருக்கு என் கை முதலில் இதைத்தான் காட்டும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவருக்கு ஃபைபர் சிமென்ட். ஒரே வீட்டில் இரண்டு பொருள் போடுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஸ்டக்கோவைப் பற்றி ஒரு சொல். நகரத்தின் பழைய பகுதிகளில், 1950களின் சிறு வீடுகளில், சிமென்ட் பூச்சில் சரளைக் கல்லும் உடைந்த போத்தல் கண்ணாடியும் பதித்த சுவர்களைக் காணலாம். வெயிலில் பச்சையும் மண்ணிறமுமாக மின்னும். எழுபது வருடமாக எத்தனையோ ஆலங்கட்டியை வாங்கிவிட்டு நிற்கிறது. அழகில்லை என்று அதன் மேல் வினைல் போர்த்துகிறவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது. வெடிப்புகளை அடைத்து வண்ணம் பூசினாலே அது உங்களுக்குப் பிறகும் நிற்கும். ஆனால் நுரைத்தட்டின் மேல் மெல்லிய அக்ரிலிக் பூசிய புதுவகை ஸ்டக்கோ வேறு. அதை ஆலங்கட்டி குத்திவிடும். ஜன்னலடியில் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். வன்கூவரில் 1980, 90களில் கட்டிய அடுக்குமாடிகள் ஆயிரக்கணக்கில் உக்கிப்போய், 1998இல் விசாரணை ஆணைக்குழுவே அமைக்க வேண்டி வந்தது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி வைக்காததுதான் அங்கே நடந்த பிழை. இன்று கடலோர ஊர்களில் சுவருக்கும் சைடிங்குக்கும் நடுவே 10 மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம். கல்கரியில் அது கட்டாயமில்லை. ஆனாலும் கேட்டுப் போடுங்கள், எந்தப் பொருளானாலும். இடைவெளிக்குச் சட்டம் அடிக்கும் செலவு பெரிதல்ல.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் ஆலங்கட்டியின் ஒவ்வொரு அடியையும் குழியாக ஞாபகம் வைத்திருக்கும். உருக்கு அதைவிட உறுதி. வெட்டிய ஓரத்தில் துரு ஏறும். தேவதாரு மரம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பூச்சு. நோர்வேயில் ஏறத்தாழ 1200இல் கட்டிய போர்குண்ட் மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரோ ஏறி அதற்குப் பைன் தார் பூசிக்கொண்டே இருக்கிறார்கள். உங்களால் முடியுமென்றால் மரத்தைப்போல் அழகு வேறெதற்கும் இல்லை.

கடைசியாகக் காப்புறுதி. பத்திரத்தில் சைடிங்குக்கு முழு மாற்று விலையா, தேய்மானம் கழித்த விலையா என்று இன்றே பாருங்கள். ஆலங்கட்டிக்குத் தனிக் கழிப்புத் தொகை இருக்கிறதா என்றும் பாருங்கள். அல்பேர்ட்டாவில் அது கூடிக்கொண்டே போகிறது. அடிபட்ட சுவருக்கு மட்டும் காசு தருகிற பத்திரங்கள் உண்டு. அப்போது ஒரு சுவர் புது நிறம், மூன்று சுவர் பழைய நிறம் என்று வீடு ஆகிவிடும், ஏனென்றால் பத்து வருடத்துக்கு முந்திய நிறமும் வடிவமும் கடையில் கிடைப்பதில்லை. வீட்டின் நாலு பக்கத்தையும் ஒவ்வொரு வசந்தத்திலும் படம் எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள்.

வீடு வாங்கும்போது கராஜின் மேல்தட்டில் மிச்சமான சைடிங் பலகைகள் கிடந்தால் குப்பையில் போட வேண்டாம், அவை தங்கம். ஆனால் அவற்றை நேரே முன்சுவரில் பூட்டினால் வெளிறாத புது நிறம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பின்பக்கம், ஏசிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்திலிருந்து பழைய பலகையைக் கழற்றி முன்னுக்குப் போடுங்கள். அதே அளவு வெயில் கண்ட சுவரிலிருந்து கழற்றினால் நிறம் இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். புதியதைப் பின்னால் போடலாம். பலகைகளின் பூட்டை விடுவிக்கும் ஸிப் டூல் எந்தக் கடையிலும் சில டொலருக்குக் கிடைக்கும். வேலையை வெயிலடிக்கும் நாளில் செய்யுங்கள். குளிரில் பழைய வினைல் கையோடு உடைந்துவிடும்.